விறைப்புக் குறைபாடு: பஸ் ஸ்டாண்ட் சுவர் சொல்லாத காரணங்கள்

சேலத்தில் எந்த பஸ் ஸ்டாண்டின் கட்டணக் கழிப்பறைப் பக்கம் போனாலும் அந்த நோட்டீஸ் கண்ணில் படும். உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் தாள். நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, கைப்பழக்கத்தால் வந்த பலவீனம், விந்து முந்துதல் என்று வரிசையாக அச்சடித்து, எல்லாம் ஒரே மாதத்தில் குணமாகும், ரகசியம் காக்கப்படும் என்று போட்டிருக்கும். கீழே ஒரு செல்போன் எண், ஒரு லாட்ஜ், மாதத்தில் எந்தத் தேதியில் வைத்தியர் அங்கே இருப்பார் என்ற விவரம். பாதித் தாளை யாரோ கிழித்திருப்பார்கள். எண் இருக்கும் மூலையை மட்டும் கவனமாகக் கிழித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

அந்தத் தாளில் நான்கு தனித்தனிச் சங்கதிகள் ஒரே நோய் மாதிரி எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் படித்துவிட்டு லாட்ஜ் படியேறுகிறவருக்குத் தன்னுடைய பிரச்சினை எது என்றே தெரியாது. ஆறு மாதம் லேகியம் சாப்பிட்டுப் பணம் கரைந்த பிறகு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கேதான் தனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பது அவருக்குத் தெரியவரும். அந்த ஆறு மாதத்தை வீணாக்காமல் இருக்க, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எது இந்தக் குறைபாடு, எது இல்லை

உடலுறவுக்குப் போதுமான விறைப்பு வராமல் இருப்பது, அல்லது வந்தும் கடைசிவரை நிற்காமல் தளர்ந்துபோவது. இதைத்தான் மருத்துவம் விறைப்புக் குறைபாடு என்கிறது. அது தொடர்ந்தோ அடிக்கடியோ நடக்க வேண்டும். பொதுவாக மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும். தறியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அசதி, வீட்டில் சண்டை நடந்த இரவு, கல்யாண வீட்டில் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு வந்த நாள் இவையெல்லாம் கணக்கில் சேராது.

1992இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, ஆண்மையின்மை என்ற பொருள்படும் பழைய சொல்லைக் கைவிட்டு இந்தப் பெயரைப் பரிந்துரைத்தது. பழைய சொல் மனிதனையே குறை சொன்னது. இந்தச் சொல் ஓர் உறுப்பின் வேலை சரியாக நடக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. இந்த மாற்றம் பெரிய மாற்றம் என்றே நினைக்கிறேன். சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்றால் யாரும் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்வதில்லையே.

இதோடு சேர்த்துக் குழப்பப்படுபவை:

1. விந்து முந்துதல். விறைப்பு சரியாகவே இருக்கும். வெளியேற்றம் சீக்கிரம் நடந்துவிடும். காரணமும் சிகிச்சையும் வேறு.

2. ஆசைக் குறைவு. மனம் போகவில்லை என்றால் விறைப்பும் வராது. இங்கே ஹார்மோன், மனச்சோர்வு, தூக்கமின்மை, கணவன் மனைவிக்குள் உள்ள கசப்பு இவற்றைப் பார்க்க வேண்டும்.

3. மலட்டுத்தன்மை. இது விந்தணுக்களைப் பற்றியது. நல்ல விறைப்பு உள்ளவருக்கும் விந்தணு இல்லாமல் இருக்கலாம். விறைப்பே வராதவருக்கு விந்தணு எண்ணிக்கை நன்றாக இருக்கலாம்.

4. நரம்புத் தளர்ச்சி. கை நடுக்கம், படபடப்பு, அசதி, தூக்கமின்மை என்று எதைச் சொன்னாலும் நம் ஊரில் ஒட்டப்படும் சீட்டு இது. ஏறக்குறைய இதே பொருள் தரும் 'நியூரஸ்தீனியா' என்ற சொல்லை 1869இல் ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க டாக்டர் பரப்பினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், இப்போதைய 11ஆம் பதிப்பில், அப்படி ஒரு தனி நோயே கிடையாது. நரம்பு பாதிக்கப்பட்டு விறைப்பு கெடுவது உண்மையில் நடக்கிறது. ஆனால் அதற்குச் சர்க்கரை நோய், தண்டுவட அடி, அறுவை சிகிச்சை என்று பெயர் சொல்லக்கூடிய காரணம் இருக்கும்.

ஏரி நிரம்புவது எப்படி

ஆணுறுப்புக்குள் நீளவாக்கில் இரண்டு பஞ்சுத் தூண்கள் இருக்கின்றன. எலும்பு கிடையாது, பெரிய தசையும் கிடையாது. சின்னச் சின்ன அறைகளாலான பஞ்சு, அதைச் சுற்றிக் கெட்டியான ஓர் உறை, அவ்வளவுதான். சாதாரண நேரத்தில் பஞ்சின் சுவரிலுள்ள மென்தசை இறுக்கமாக இருப்பதால் ரத்தம் கொஞ்சமாகவே உள்ளே வரும். வந்த வேகத்தில் வெளியே போய்விடும்.

ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது, மதகு வழியாக வெளியே போகிறது. ஏரி நிரம்ப வேண்டுமானால் வாய்க்கால் திறக்க வேண்டும், மதகு மூட வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும்.

உடலில் அது நடக்கும் விதம் இப்படி. ஆசையோ தொடுதலோ மூளையில் பதிந்ததும் தண்டுவடம் வழியாக நரம்புக்குச் செய்தி போகிறது. நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது சிஜிஎம்பி என்ற வேதிப்பொருளைப் பெருக வைக்கிறது. சிஜிஎம்பி கூடினால் பஞ்சின் மென்தசை தளர்கிறது, ரத்தம் பாய்கிறது. பஞ்சு உப்பும்போது, வெளியே போகும் சிரைகள் உறைக்கும் பஞ்சுக்கும் நடுவில் நசுங்கி அடைபடுகின்றன. மதகு தானாக மூடிக்கொள்கிறது. அப்புறம் பிடிஇ5 என்ற நொதி சிஜிஎம்பியைச் சிதைக்க, எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

இங்கே ஒரு தகவலை மனதில் வையுங்கள்: விறைப்பு என்பது தசை இறுகுவதால் வருவதில்லை, தளர்வதால் வருகிறது. பயம், பதற்றம், குளிர் எல்லாம் அந்தத் தசையை இறுக்கும். 'முறுக்கேற்றும்' மருந்து என்று விளம்பரத்தில் எழுதுவது உடலின் இயக்கத்துக்கே எதிரான பேச்சு.

நைட்ரிக் ஆக்சைடு ரத்த ஓட்டத்தில் செய்தி கொண்டுபோகும் வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்த ராபர்ட் ஃபர்ச்கட், லூயி இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் குறைபாட்டுக்கான முதல் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் அதே ஆண்டில்தான்.

ஒரு மில்லிமீட்டர் குழாயும் மூன்று மில்லிமீட்டர் குழாயும்

ஏரியில் தண்ணீர் ஏறவில்லை என்றால் ஊர்க்காரர்கள் முதலில் வாய்க்காலில் தூர் சேர்ந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார்கள். இங்கும் அதுதான் முதல் கேள்வி. நாற்பது வயதுக்கு மேல் மெதுவாகத் தலைகாட்டும் விறைப்புக் குறைபாட்டில் பெரும்பங்கு ரத்தக்குழாய்க் கோளாறுதான்.

ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. இதயத்துக்கு ரத்தம் தரும் கொரோனரி தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பு படிவதும் உள்சுவர் கெடுவதும் உடல் முழுக்க ஒரே சமயத்தில் நடக்கிற வேலை. அப்படியானால் எந்தக் குழாய் முதலில் அடைபடும்? சின்னதுதான். இதயக் குழாய் இன்னும் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே, கீழே உள்ள குழாயில் ஓட்டம் குறைந்து அதன் விளைவு வெளியே தெரிந்துவிடுகிறது. பலருக்கு நெஞ்சுவலிக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முன்னாலேயே விறைப்பு குறையத் தொடங்குவதை இதய மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் 46 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையிலிருந்து குனிந்து உட்கார்ந்து கொலுசு வேலை. நடை என்பது டீக்கடை வரைக்கும்தான். ஒரு நாளைக்கு ஏழெட்டு சிகரெட். தொப்பை இருக்கிறது, ஆனால் நோய் என்று எதுவும் இல்லை, ஏனென்றால் எதையும் பரிசோதித்ததில்லை. ஒரு வருடமாக விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. காலையில் எழும்போது வழக்கமாக இருக்கும் விறைப்பும் இல்லை. இவருக்கு அந்த ஒரு அறிகுறியைத் தவிர வேறு எதுவும் இல்லை. இப்போது அவர் லாட்ஜுக்குப் போனால் லேகியம் கிடைக்கும். ஒரு பொது மருத்துவரிடம் போனால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இசிஜி பார்த்து, தேவைப்பட்டால் மாரடைப்பைத் தள்ளிப்போடும் மாத்திரைகளே கிடைக்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இது அபூர்வமான நோயும் இல்லை. 1994இல் வெளியான அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆய்வில், 40 முதல் 70 வயதுவரை உள்ள ஆண்களில் 52 சதவீதம் பேருக்கு லேசாகவோ கடுமையாகவோ இந்தக் குறைபாடு இருந்தது.

சர்க்கரை நோயின் பங்கு

சர்க்கரை நோய் ஏரியின் எல்லாப் பக்கமும் கை வைக்கிறது. குழாயின் உள்சுவரைக் கெடுத்து நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது. செய்தி கொண்டுபோகும் நரம்பை அரிக்கிறது. பஞ்சின் மென்தசையையும் கெட்டிப்படுத்துகிறது. சர்க்கரை உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்தச் சிக்கல் வருகிறது. அதுவும் மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2023ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. அவர்களில் ஆண்கள் எத்தனை பேர் இதை வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள்?

சொல்ல முடியாததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. நல்ல திட்டம், ஏற்காட்டு மலைக் கிராமங்களில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி மிச்சம். ஆனால் மாத்திரையைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். "அண்ணா, தலைசுத்தல் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்பார். "அதெல்லாம் இல்லம்மா" என்று பதில் வரும். திண்ணையில் மனைவியும் மகளும் உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்? ஆகவே மாதத்துக்கு ஒருமுறை, அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது டாக்டரைத் தனியாகப் பார்த்துப் பேசும் வழக்கம் வேண்டும்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் நரம்பும் குழாயும் மேலும் கெடுவது மட்டுப்படும். ஏற்கெனவே பாழானது முழுசாகத் திரும்பாது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு மிஞ்சும்.

மற்ற காரணங்கள், சுருக்கமாக

1. புகையிலை. நிகோடின் குழாயைச் சுருக்குகிறது. புகையின் மற்ற நச்சுகள் உள்சுவரைக் கெடுக்கின்றன. பீடி என்றால் பரவாயில்லை என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை.

2. குடி. கொஞ்சம் குடித்தால் கூச்சம் போகும், அதிகம் குடித்தால் விறைப்பே போகும். பல வருடக் குடி ஈரலையும் நரம்பையும் கெடுத்து ஹார்மோனையும் குறைக்கும்.

3. சாப்பிடும் மாத்திரைகள். அட்டெனலால் போன்ற சில பழைய பிரஷர் மாத்திரைகள், சிறுநீர் பிரியவைக்கும் தயசைடு வகை, மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின், முடி கொட்டுவதற்குத் தரும் ஃபினஸ்டரைடு. சந்தேகம் வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது பக்கவாதத்தை அழைத்துவரும். வேறு வகைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாற்று வகைகள் தாராளமாக இருக்கின்றன.

4. ஹார்மோன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு, தைராய்டு கோளாறு, புரோலாக்டின் என்ற ஹார்மோன் அதிகமாவது.

5. அடியும் அறுவையும். வண்டி விபத்தில் இடுப்பெலும்பு முறிவு, தண்டுவடக் காயம், புராஸ்டேட் புற்றுநோய் அறுவை.

6. மதகு மூடாமை. பஞ்சு சரியாக உப்பாததால் சிரைகள் நசுங்காமல் ரத்தம் கசிந்துவிடும். விறைப்பு வரும், நிற்காது.

மனம் செய்கிற வேலை

இளவயதினரிடம் கதை வேறு. இருபத்தைந்து வயதில், சர்க்கரையும் பிரஷரும் இல்லாத ஒருவருக்குத் திடீரென்று விறைப்பு வரவில்லை என்றால் முதல் சந்தேகம் பதற்றத்தின் மேல்தான் போக வேண்டும். உடலா மனமா என்று பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள் உதவும்.

1. திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? கல்யாணமான முதல் வாரம் போல ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடிந்தால் மனம். எப்போது தொடங்கியது என்றே தெரியாவிட்டால் உடல்.

2. தூக்கத்திலும் விடிகாலையிலும் விறைப்பு வருகிறதா? ஆரோக்கியமான ஆணுக்கு இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு வந்து போகும். அது இருந்தால் வாய்க்காலும் மதகும் நன்றாகவே இருக்கின்றன.

3. எல்லா நேரத்திலும் இப்படியா, சில நேரம் மட்டுமா? தனியாக இருக்கும்போது வந்து, மனைவியோடு இருக்கும்போது வராவிட்டால் குழாயில் கோளாறு இல்லை.

ஒருமுறை தோற்றவர் அடுத்த முறை "இன்னைக்காவது வருமா?" என்று தன்னையே கண்காணித்துக்கொண்டு படுக்கைக்குப் போகிறார். அந்தக் கண்காணிப்பே பதற்றம். பதற்றம் மென்தசையை இறுக்கும். மறுபடி தோல்வி. கூட்டுக் குடும்பத்தில், ஒரே ஹாலில் தட்டி கட்டிப் படுக்கும் வீட்டில், இந்தச் சுழலுக்கு இன்னும் வேகம் கூடும். உடற்காரணம் உள்ளவருக்கும் நாளடைவில் இந்தச் சுழல் வந்து சேர்ந்துகொள்கிறது. அதனால் பலரிடம் இரண்டும் கலந்தே இருக்கும்.

இதற்கு நடுவில் 'தாது' பற்றிய பயம் ஒன்று இருக்கிறது. நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து, அது வீணானால் உடம்பு போச்சு என்று பள்ளிப் பையன்கள் காதில் விழுகிறது. கைப்பழக்கத்தால் நரம்பு செத்துவிட்டது என்று நம்பி வாடும் இளைஞர்கள் இந்தியாவில் அத்தனை பேர் இருந்ததால், மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இல் இதற்குத் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்தார். உண்மையில் விந்துத் திரவத்தின் பெரும்பகுதி விந்துப் பைகளிலிருந்தும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருகிறது. விந்தணுக்களின் பங்கு சில சதவீதம்தான். உமிழ்நீர் போல உடல் தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்கும் பொருள் அது. ரத்தத்திலிருந்து கடைந்தெடுப்பதில்லை. கைப்பழக்கம் விறைப்பைக் கெடுக்காது, உறுப்பைச் சிறுக்க வைக்காது. இதை ஒரு டாக்டர் பத்து நிமிடம் பொறுமையாகச் சொன்னாலே பாதிச் சுமை இறங்கிவிடும் பையன்கள் இருக்கிறார்கள்.

டாக்டரிடம் என்ன நடக்கும்

பயப்படும்படி எதுவும் இல்லை. கேள்விகள், ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, உறுப்பையும் விதைகளையும் ஒருமுறை பார்ப்பது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாத சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, தேவைப்பட்டால் இசிஜி. டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதென்றால் காலை 11 மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அது காலையில் உச்சத்தில் இருந்து பகலில் இறங்கும். மதியம் எடுத்த ஒரே ரிசல்ட்டை வைத்துக்கொண்டு ஊசி தொடங்குவது தவறு. குறைவாக இருந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். உறுப்பின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. அடிபட்ட இளைஞர்களுக்கும், மாத்திரைக்குக் கேட்காதவர்களுக்கும் உதவும்.

சேலம் நகரில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பொது மருத்துவம், சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவம், மனநலம் மூன்றும் தொடர்புள்ள துறைகள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரத்தான் வேண்டும் என்றும் இல்லை. முதல் கட்டமான சர்க்கரையும் பிரஷரும் பார்க்க மலையிலேயே அரசு மருத்துவமனை உண்டு.

சிகிச்சை

முதல் படி பழக்கம். இதை ஒப்புக்குச் சொல்லும் அறிவுரை என்று தள்ளிவிட வேண்டாம். இத்தாலியில் உடல் பருமனான 110 ஆண்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், இரண்டு வருடம் உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு விறைப்பு சரியான நிலைக்குத் திரும்பியது. வாரம் நான்கு நாள், நாற்பது நிமிடம், வியர்க்கும்படி நடை. அதை ஆறு மாதம் விடாமல் செய்தால் பலன் தெரிகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். புகையை நிறுத்துவது இதே பட்டியலில் முதலில் வர வேண்டியது.

அடுத்தது மாத்திரை. மேலே சொன்ன முதல் மாத்திரையான சில்டெனாஃபில் முதலில் நெஞ்சுவலிக்காகத்தான் பரிசோதிக்கப்பட்டது. நெஞ்சுவலியில் பெரிய பலன் இல்லை. சோதனையில் கலந்துகொண்ட ஆண்கள் வேறொரு பலனைச் சொன்னார்கள். 1998 மார்ச் 27இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தரும் சட்டம் இந்தியாவில் 2005 வரை இல்லாததால், நம் கம்பெனிகள் அதைச் சீக்கிரமே குறைந்த விலைக்குக் கொண்டுவந்துவிட்டன. விலை குறைந்தது நல்லது. அதோடு சீட்டில்லாமல் வாங்கும் வழக்கமும் வந்தது.

மெடிக்கல் ஷாப் கவுண்டரில் இது எப்படி நடக்கிறது? ஒருவர் ஓரமாக நின்று, இருமல் மருந்து வாங்க வந்த அம்மா போகும்வரை காத்திருக்கிறார். அப்புறம் தணிந்த குரலில், "அண்ணா, அந்த மாத்திரை ஒண்ணு." பதிலுக்கு "நூறா, அம்பதா?" என்ற கேள்விதான் வருகிறது. இதய நோய் இருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி வருவதில்லை. வாங்குகிறவர் நூறு மில்லிகிராமே கேட்கிறார். சட்டப்படி இது மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய மருந்து.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

1. மாத்திரை ஆசையை உண்டாக்காது. பிடிஇ5 நொதியைத் தடுத்து, உடல் ஏற்கெனவே சுரந்த சிஜிஎம்பியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வைக்கும். தூண்டுதல் இல்லாமல் எதுவும் நடக்காது. போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டு காத்திருந்தவர்கள் மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

2. சில்டெனாஃபில் வழக்கமாக 50 மி.கி.யில் தொடங்கும், 65 வயதுக்கு மேல் 25. சுமார் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். பிரியாணி சாப்பிட்ட வயிற்றில் வேலை தாமதமாகும். நான்கைந்து மணி நேரம் பலன் இருக்கும். இதே வகையைச் சேர்ந்த டடாலாஃபிலுக்குச் சாப்பாடு தடையில்லை. பலன் 36 மணி நேரம் வரை. தினமும் 5 மி.கி. எடுக்கும் முறையும் உண்டு.

3. ஒரு தடவை பலிக்கவில்லை என்று கைவிடக் கூடாது. சரியான அளவில், சரியான முறையில் ஆறேழு தடவையாவது முயன்ற பிறகே பலனில்லை என்று முடிவு செய்ய முடியும்.

4. தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் வரலாம். சில்டெனாஃபிலில் சிலருக்குப் பார்வையில் நீலச் சாயல். டடாலாஃபிலில் முதுகு வலி.

5. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஐசோசார்பைடு மாத்திரை, நைட்ரோகிளிசரின், நிக்கோராண்டில் எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய் உயிர் போகலாம். மறுபக்கமும் உண்டு: இந்த மாத்திரை போட்ட இரவில் நெஞ்சு வலித்தால், 108இல் வருகிறவரிடமும் டாக்டரிடமும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிட வேண்டும். சில்டெனாஃபில் போட்டால் 24 மணி நேரம், டடாலாஃபில் போட்டால் 48 மணி நேரம், நைட்ரேட் என்ற அந்த நெஞ்சுவலி மருந்து வகையைத் தர முடியாது. வெட்கப்பட்டு மறைத்தால் அவர்கள் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் மாத்திரையே ஆபத்தாகும்.

6. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் இதையும் சேர்த்துப் போட்டால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழலாம். டாக்டர் அளவைப் பார்த்துத் தருவார்.

மாரடைப்பு வந்து தேறியவர் உறவு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கக் கூச்சப்படுகிறார். இரண்டு மாடிப் படியை விறுவிறுவென்று ஏறி, நெஞ்சு வலிக்காமல், மூச்சுத் திணறாமல் நிற்க முடிந்தால் பெரும்பாலும் உடல் தாங்கும். ஆனாலும் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவதே சரி.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி, சோதனையில் குறைவு உறுதியானவருக்கு மட்டும். குழந்தைக்காகக் காத்திருப்பவர் அதைப் போட்டால் விந்தணு உற்பத்தியே நின்றுவிடலாம். இதைச் சொல்லாமல் ஊசி போடப்பட்ட தம்பதிகள் படும் பாடு கொடுமை.

மாத்திரை கேட்காதவர்களுக்கு மூன்று வழிகள். வெற்றிடக் குழாய் பம்பு ரத்தத்தை உள்ளே இழுக்கும், அடியில் போடும் வளையம் அதைப் பிடித்து வைக்கும். வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. உறுப்பிலேயே போடும் ஊசி மெல்லிய ஊசிதான். டாக்டர் அளவு பார்த்துக் கற்றுக்கொடுத்த பிறகு வீட்டில் போட்டுக்கொள்ளலாம். கடைசியாக, உள்ளே பொருத்தும் செயற்கைத் தண்டு. 1970களிலிருந்து நடக்கும் அறுவை இது. சர்க்கரையால் எல்லாம் பாழானவருக்குக்கூடப் பலன் தருவது. ஆனால் பொருத்திய பின் திரும்பிப் போக வழியில்லை. ஊசியோ வேறு மருந்தோ எதனாலாவது விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் இருந்தால் அது அவசரம். ராத்திரி இரண்டு மணி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருந்தால் பஞ்சு செத்துவிடும்.

அதிர்வலை சிகிச்சை, ரத்தத் தட்டணு ஊசி என்று இப்போது பெரிய தொகைக்கு விளம்பரமாகின்றன. அமெரிக்க சிறுநீர்ப்பாதை மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் இவற்றை இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் வைத்திருக்கிறது. கடன் வாங்கிச் செய்துகொள்ள வேண்டாம்.

லேகியத்தைப் பற்றி

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் மூலிகை அறிவு பெரியது. முறையாகப் படித்த சித்த மருத்துவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். பிரச்சினை அவர்கள் இல்லை. பெயர், சேர்மானம், தயாரிப்பு எண் எதுவும் இல்லாத டப்பாதான் பிரச்சினை. 'முழுக்க மூலிகை' என்று விற்கப்பட்ட ஆண்மை மருந்துகளில் சில்டெனாஃபிலும் டடாலாஃபிலும் சொல்லாமல் கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முதல் வேளையிலேயே வேலை செய்கிற லேகியத்தின் மேல் சந்தேகம் வர வேண்டும். இதய நோயாளி ஒருவர் மாத்திரை ஆபத்து என்று பயந்து லேகியம் வாங்கினால், எதற்குப் பயந்தாரோ அதையே அளவு தெரியாமல் விழுங்குகிறார். பாதரசம், ஈயம் சேர்ந்த பஸ்பம் முறையாகச் செய்யப்படாவிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954இல் வந்தது. உடலுறவுத் திறனைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதே அதன்படி குற்றம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்த மஞ்சள் தாள் எழுபது ஆண்டுப் பழைய சட்டத்தை மீறிக்கொண்டுதான் சுவரில் ஒட்டியிருக்கிறது.

ஓ.பி. அறையில் சொல்ல வேண்டியது

கூட்டமான ஓ.பி.யில், பின்னால் பத்துப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இதைத் தொடங்குவது கஷ்டம். "வீக்கா இருக்குதுங்க" என்றால் சத்து டானிக் எழுதித் தந்துவிடுவார்கள். அதனால் வீட்டிலேயே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போகலாம்: எத்தனை மாதமாக, காலை விறைப்பு உண்டா இல்லையா, சர்க்கரை பிரஷர் எத்தனை வருடமாக, புகை குடி எவ்வளவு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரும். பேச வாய் வராவிட்டால் அந்தச் சீட்டை மேஜைமேல் வைத்தால் போதும். "விறைப்பு நிக்க மாட்டேங்குதுங்க, மூணு மாசமா" என்று அதன் முதல் வரியாக எழுதுங்கள். மனைவி கூட வர விரும்பினால் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குத் தெரிந்த விவரங்கள் உங்களுக்குத் தெரிந்ததைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும்.